பரமார்த்த குருவை உண்டாக்கியது யார்?

(ஆரணியில் நெசவாளர் தெருவொன்றில் மாலையில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்றைக்கு நாம் ஒரு பழைய கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று கேள்விப்பட்டவுடன் உங்களில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். பட்டு நெய்கிற ஊருக்கு வந்து பாட்டி கதை சொல்லுவதா, கூலியைப் பற்றிப் பேசக் கூடாதா, பட்டு விலையையும் சரிகை விலையையும் பற்றிப் பேசக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்பது நியாயந்தான். கூலியைப் பற்றியும் பேசத்தான் போகிறோம். ஆனால் அந்த இடத்துக்கு இந்தக் கதையின் வழியாகவே போய்ச் சேரலாம் என்பது நமது எண்ணம். வழியில் ஒரு ஆறு இருக்கிறது. அது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போவோம்.

சிரிக்கிறீர்கள். ஆகவே கதை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பரமார்த்த குருவின் கதையைத்தான் சொல்லுகிறோம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்திலோ திண்ணையிலோ இதில் ஒரு துண்டையாவது கேட்காதவர் இங்கே அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து கடைசி வரையில் பெரியவனான பிறகு படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்குகிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள். அதுதான் குறை. பிள்ளைகளுக்கென்று சுருக்கும்போது ஆறு கடந்த கதையையும் குதிரை முட்டைக் கதையையும் வைத்துக்கொண்டு, குரு எப்படிச் செத்தார் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தப் புத்தகத்தில் பெரியவர்கள் படிக்க வேண்டிய பாகமே அந்தக் கடைசிப் பாகந்தான்.

புத்தகமும் பாதிரியாரும்

கதை இவ்வளவுதான். ஒரு மடம், ஒரு குரு, அவருக்கு ஐந்து சீடர்கள். சீடர்களின் பேர் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். இவர்கள் ஆறு பேரும் ஊர் சுற்றுகிறார்கள். ஆறு கடக்கிறார்கள், குதிரை வாங்கப் பார்க்கிறார்கள், மாடு வாடகைக்குப் பிடிக்கிறார்கள், கடைசியில் ஒரு நொண்டிக் கிழக்குதிரை கிடைக்கிறது, அதிலிருந்து குரு விழுகிறார், சாகிறார். சிரித்துக்கொண்டே படித்து வருகிறவன் சாவில் வந்து முட்டிக்கொள்ளுகிறான்.

இதை எழுதினவர் வீரமாமுனிவர் என்று நாம் சொல்லுகிற பெஸ்கி பாதிரியார். இத்தாலி தேசத்தில் 1680ல் பிறந்தவர். 1710ல் இந்தியாவுக்கு வந்து, 1747ல் இறக்கிற வரையில் தாய்நாட்டுக்குத் திரும்பாதவர். தமிழ் நாட்டில் இருந்து, தமிழ் படித்து, தமிழுக்கு அகராதியும் இலக்கணமும் எழுதினார். அவருடைய சதுரகராதி 1732ல் ஆனது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஏட்டில் வித்தியாசம் தெரியாமல் ஜனங்கள் குழம்பிக்கொண்டிருந்த காலத்தில், நெடிலுக்குத் தனி அடையாளம் போட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவரும் அவரே. எழுத்தைத் தொட்டால் தமிழ்த்தாய் செத்துப் போவாள் என்று சொல்லுகிறவர்கள், தாங்கள் எழுதுகிற ‘ஏ’யும் ‘ஓ’வும் ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் தொட்டுத் திருத்தினவை என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். பெரியார் 1935ல் எடுத்துக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாங்கம் 1978ல் ஒப்புக்கொண்டது. தமிழ்த்தாய் அதற்குப் பிறகும் சுகமாகவே இருக்கிறாள்.

அப்படிப்பட்டவர், தமிழ் படிக்க வருகிற மற்றப் பாதிரிமார்களுக்கு ஜனங்கள் பேசுகிற தமிழ் பழக வேண்டும் என்பதற்காக, பேச்சு நடையில் இந்தக் கதையை எழுதினார். அச்சுக்கு வந்ததோ அவர் இறந்து 75 வருஷங்களுக்குப் பிறகு. பெஞ்சமின் பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் 1822ல் லண்டன் பட்டணத்தில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு சேர்த்து இதை அச்சிட்டார். தமிழில் முதல் நாவல் என்று சொல்லப்படுகிற பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879ல். ஆகவே தமிழ் வசனத்தில் சிரிக்க வைக்கிற கதை என்று எடுத்துக்கொண்டால் இது மிகவும் மூத்தது.

அந்த நூற்றாண்டில் உலகத்தில் பல இடங்களிலும் இப்படிப் பிரயாணக் கதை எழுதித்தான் பெரிய மனிதர்களைக் கேலி செய்தார்கள். அயர்லாந்தில் ஸ்விஃப்ட் என்பவர் 1726ல் கலிவரின் யாத்திரையை எழுதினார். அவரும் ஒரு பாதிரியாரே. பிரெஞ்சு தேசத்து வால்டேர் 1759ல் காந்தீது என்ற கதையை எழுதினார். அதற்கு ஜெனீவாவிலும் பாரிசிலும் தடை போட்டார்கள். ஒருவனை ஊர் விட்டு ஊர் நடக்க வைத்தால் போதும், அவன் மூளையில் இருக்கிற சரக்கு எல்லாம் தெருவுக்கு வந்துவிடும் என்பது இவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். “பாதிரியார் நம்முடைய மடங்களைக் கேலி செய்யவே எழுதினார், அதைத் தமிழன் தூக்கிக்கொண்டு திரியலாமா?” என்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இரண்டு. முதலாவது, இந்தக் கதைகளில் பல எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமல்ல. ஆற்றைக் கடந்த பிறகு தன்னை விட்டுவிட்டு எண்ணுகிற முட்டாள்களின் கதை இங்கிலாந்தில் காதம் என்ற ஊர்க்காரர்கள் பேரில் அதற்கு முன்பே சொல்லப்பட்டது. முட்டாள்தனத்துக்குத் தேசமும் இல்லை, மதமும் இல்லை. கண்ணாடியை எந்த ஊர்க்காரன் செய்தான் என்று கேட்டுக்கொண்டு முகத்தில் இருக்கிற கரியைத் துடைக்காமல் இருப்பவனை என்னவென்று சொல்வது?

இரண்டாவது, அந்தக் கண்ணாடியை நாம் பாதிரியாருக்கும் காட்டத் தயங்க மாட்டோம். குரு சொன்னதையெல்லாம் நம்புகிற சீடர்களைப் பார்த்துச் சிரித்த அதே பாதிரியார், சூசையப்பரைப் பற்றித் தேம்பாவணி என்று பெருங்காவியம் பாடி, அதில் வருகிற அற்புதங்களையெல்லாம் ஜனங்கள் நம்ப வேண்டும் என்றார். தம்மைப் போலவே கிறிஸ்துவை வணங்கின தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு சண்டை பிடித்து, வேத விளக்கம் என்றும் பேதகம் மறுத்தல் என்றும் கண்டன நூல்கள் எழுதினார். காவி உடுத்திப் புலித்தோல் ஆசனத்தில் இருந்து பல்லக்கில் போனார் என்று அவருடைய சரித்திரக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, பரமார்த்த குருவை எழுதினவரும் குரு வேஷத்தில் இருந்துகொண்டுதான் எழுதினார். எழுதினவருக்குக்கூட அடங்காத உண்மை எழுத்துக்குள் இருந்துவிடுவதுண்டு. நமக்கு வேண்டியது அந்த உண்மை, ஆளல்ல.

கொள்ளிக்கட்டைச் சோதனை

இனி ஆற்றுக்கு வருவோம். ஆற்றங்கரைக்கு வந்த குரு, இது பொல்லாத ஆறு, விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து, தூங்குகிறதா என்று பார்த்து வா என்று ஒரு சீடனை அனுப்புகிறார். அவன் கொள்ளிக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் எட்ட நின்று தண்ணீரில் வைக்கிறான். ‘சுர்’ என்று சத்தம் வந்து புகை எழும்புகிறது. ஆறு விழித்திருக்கிறது, சீறுகிறது என்று விழுந்தடித்து ஓடி வருகிறான். இவர்கள் உட்கார்ந்துகொண்டு ஆற்றின் கொடுமையைப் பற்றிப் பழைய அனுபவங்களைப் பேசிக்கொள்ளுகிறார்கள். என் பாட்டன் உப்பு மூட்டை ஏற்றிப் போனபோது, மூட்டையின் தையல் பிரியாமலே உப்பை எல்லாம் ஆறு திருடிவிட்டது என்கிறான் ஒருவன். பிறகு, முன் அணைந்துபோன அதே கட்டையைக் கொண்டுபோய் மறுபடியும் வைத்துப் பார்க்கிறான். சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது என்று அடிமேல் அடி வைத்துக் கடக்கிறார்கள்.

தோழர்களே! இதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். இந்தச் சீடர்கள் சோதனை செய்யாதவர்கள் அல்லர். இரண்டு தடவை சோதித்தார்கள். கண்ணால் கண்டார்கள், காதால் கேட்டார்கள். பாட்டன் காலத்து அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு நம்மிடம் வந்து, “நீங்கள் என்ன சொன்னாலும் சரி, நான் அனுபவத்தில் கண்டேன், மந்திரித்த பிறகுதான் காய்ச்சல் விட்டது” என்று சொல்லுகிறவரும் இவர்களைப் போலவே அனுபவஸ்தர்தான். காய்ச்சல் எத்தனை நாளைக்கு இருக்கும், மந்திரிக்காதவனுக்கு எத்தனை நாளில் விட்டது என்று அவர் பார்க்கவில்லை. உப்பு தண்ணீரில் கரையும் என்பது தெரிந்திருந்தால் ஆற்றைத் திருடன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நெருப்பு தண்ணீரில் பட்டால் சத்தம் வரும் என்பதைத் தங்கள் வீட்டுக் குடத்திலேயே ஒரு தடவை பார்த்திருந்தால் ஆற்றுக்குப் பயந்திருக்க மாட்டார்கள். குடத்துத் தண்ணீரிலும் வைத்துப் பார், அங்கேயும் ‘சுர்’ என்றால் ஆறு சீறவில்லை என்று தெரிந்துகொள். பகுத்தறிவு என்பது இவ்வளவுதான். இதற்கு இங்கிலீஷ் படிப்பும் வேண்டாம், சமஸ்கிருதப் படிப்பும் வேண்டாம்.

நெசவாளருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. இழை அறுந்தால் அச்சில் குறையா, விழுதில் குறையா, பாவில் குறையா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறீர்கள். சாயம் ஓடினால் பட்டில் குறையா, தண்ணீரில் குறையா, சாயக்காரன் கையில் குறையா என்று பார்க்கிறீர்கள். தறிக்குழிக்குள் இறங்கினால் இவ்வளவு புத்தியாக இருக்கிற நாம், குழியை விட்டு ஏறி ஜோசியன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவுடன் கட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகலாமா?

தன்னை எண்ணாத கணக்கு

ஆற்றைக் கடந்தாகிவிட்டது. எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்ற ஐந்து பேரை எண்ணுகிறான். ஒவ்வொருவனாக எண்ணியும் ஐந்துதான். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள், ஆற்றைச் சபிக்கிறார்கள். வழியில் போகிறவன் ஒருவன் இவர்களுடைய புத்தியைப் பார்த்துக்கொண்டு, போனவனை மந்திர பலத்தால் வரவழைத்துக் கொடுக்கிறேன் என்று பணம் பேசி வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவன் முதுகிலும் ஒரு அடி போட்டு ஒன்று, இரண்டு என்று எண்ண வைக்கிறான். ஆறு பேரும் சரியாக இருக்கிறார்கள். அடியும் பட்டு, பணமும் கொடுத்து, அவனைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

காணாமற் போகாதவனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்குக் கூலி! நம்மிடத்தில் இருக்கிறதையே நமக்குக் கொடுத்ததாகச் சொல்லிக் காணிக்கை வாங்குகிற வியாபாரம் இதைவிடச் சுருக்கமாக எங்கேயும் சொல்லப்படவில்லை.

இப்போது கூலிக்கு வருவோம். ஒரு புடவை நெய்து கொடுத்தால் உங்களுக்கு மிச்சம் என்ன என்று எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள்? பட்டு, சரிகை, சாயம், முன்பணத்தில் பிடித்தது என்று எல்லாவற்றையும் எண்ணுகிறீர்கள். தறியில் உட்காருகிறவன் ஒருவனுக்குக் கூலி என்று எண்ணுகிறீர்கள். இழை பிரித்துக் கொடுத்தவள் யார்? பாவு பிணைக்க உடன் நின்றவள் யார்? தார் சுற்றிக் கொடுத்த கிழவி யார்? சரிகை ஓரம் பிடித்த பையன் யார்? ஒரு புடவையில் வீடே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறது. கணக்கிலோ ஒரே ஆள். குருவின் சீடர்கள் தங்களை மட்டுந்தான் விட்டார்கள். நாமோ பெண்டாட்டியையும் தாயையும் பிள்ளையையும் சேர்த்து விட்டுவிட்டு எண்ணுகிறோம். பிறகு பற்றாக்குறை வந்தவுடன், இது விதி, இது கிரகம், இது முற்பிறப்பு என்று ஆற்றைச் சபிக்கிறோம். பாவு கொடுக்கிற முதலாளி தன் பங்கை ஒரு நாளும் எண்ண மறந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

முக்கியமாகத் தாய்மார்களுக்குச் சொல்லுகிறோம். உங்கள் வேலையை “வீட்டு வேலை” என்று ஒரு பேர் வைத்துக் கணக்கில் தள்ளிவிட்டார்கள். நீங்கள் ஆற்றோடு போய்விடவில்லை. எண்ணுகிறவன்தான் உங்களை எண்ணவில்லை. எண்ணச் சொல்லிக் கேளுங்கள்.

நம்முடைய கூட்டத்தாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நாட்டில் யார் யார் மூடநம்பிக்கைக்காரர் என்று விரல் நீட்டி எண்ணுகிறவன், தன் வீட்டுக் கலியாணத்துக்கு நாள் பார்ப்பதையும், தன் மகளுக்கு ஜாதியில் மாப்பிள்ளை தேடுவதையும் எண்ணாமல் விட்டால், அவனும் கரையில் நின்று ஐந்து என்று எண்ணினவனே.

லாபம் யாருக்கு?

பிறகு குதிரை ஆசை வருகிறது. குதிரை இருந்தால் ஆற்றுக்குப் பயப்பட வேண்டாமாம். குதிரை வாங்கப் பணம் இல்லை, பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று சொல்லி ஒருவன் விற்கிறான், வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வழியில் அது விழுந்து உடைந்து, புதரில் இருந்த முயல் பாய்ந்து ஓடுகிறது. குதிரைக்குட்டி ஓடிவிட்டது என்று துரத்திக் காலெல்லாம் முள் குத்தி வந்து சேருகிறார்கள். அய்யனார் கோயில் மண்குதிரை குளத்துத் தண்ணீரில் நிழலாகத் தெரிவதைப் பார்த்து, உயிருள்ள குதிரை என்று தூண்டில் போடுகிறார்கள். மாடு வாடகைக்குப் பிடித்து, வெயிலுக்கு அந்த மாட்டின் நிழலில் குரு உட்கார்ந்தால், சவாரிக்குத்தான் வாடகை பேசினோம், நிழலுக்குத் தனி வாடகை கொடு என்று மாட்டுக்காரன் சண்டைக்கு வருகிறான். கடைசியில் சும்மா கிடைத்த நொண்டிக் குதிரைக்கும் சுங்கம் கேட்கிறார்கள். அதற்குத் தோஷம் இருக்கிறதென்று ஒருவன் சொல்லி, அதன் காதை அறுத்துப் பரிகாரம் செய்து அதற்கும் கூலி வாங்குகிறான்.

இந்தப் பிரயாணம் முழுவதிலும் பணம் யார் மடியிலிருந்து யார் மடிக்குப் போகிறது என்று பாருங்கள். குருவுக்கு ஒரு காசு லாபமில்லை. மற்றவர்கள் நினைப்பதுபோல் பரமார்த்த குரு மோசக்காரர் அல்ல. அவரும் ஒரு அப்பாவி. சீடர்கள் நம்புகிறதையே அவரும் நம்புகிறார். முட்டைக்குள் இருந்த குட்டி ஓடிப்போனதே நல்லது, அவ்வளவு முரட்டுக் குதிரையில் நான் எப்படி ஏறுவேன் என்று சமாதானம் சொல்லுகிறார். நஷ்டத்தைக்கூட நன்மை என்று சொல்லித் தேற்றுகிற சாமர்த்தியம் ஒன்றுதான் அவருடைய ஞானம். வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் வெளியாட்கள்: வழிப்போக்கன், காய் விற்றவன், மாட்டுக்காரன், சுங்கக்காரன், தோஷம் கழித்தவன். மூடநம்பிக்கை ஒரு இடத்தில் இருந்தால், அதைக் குரு சுரண்டாவிட்டாலும் ஊர் சுரண்டும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? எங்கள் சாமியார் காசு வாங்காதவர், நல்லவர் என்று சொல்லுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் வாங்காமல் இருக்கலாம். அவர் பழக்கின புத்தியை வைத்து உங்களிடம் வாங்குகிறவன் வாசலில் நிற்கிறான்.

நிழல் வாடகை வழக்கில் மட்டும் ஒரு புத்திசாலி வருகிறான். பஞ்சாயத்து செய்த அவன், மாட்டுக்கு வாடகை பணம். நிழலுக்கு வாடகை பணத்தின் சத்தம் என்று சொல்லி, காசை மாட்டுக்காரன் காதருகில் குலுக்கி அனுப்புகிறான். பிரெஞ்சு தேசத்தில் ரபலே என்பவர், சமையல் வாசனைக்கு விலை கேட்டவனுக்குக் காசின் சத்தத்தைக் கொடுத்த கதையை இதற்கு 200 வருஷம் முன்பே எழுதியிருக்கிறார். நாமும் இந்தத் தீர்ப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும். மேலுலகத்தில் சுகம் என்று சொல்லி இங்கே காசு கேட்கிறவனுக்கு, அந்தக் காசையும் மேலுலகத்திலேயே தருகிறோம் என்று சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

ஓலையில் இல்லாதது

கதையில் எல்லாவற்றையும்விட நமக்கு மனதில் தைக்கிற இடம் இனிமேல்தான் வருகிறது. குதிரையில் போகும்போது குருவின் தலைப்பாகை விழுகிறது. யாரும் எடுக்கவில்லை, குரு சொல்லவில்லையாம். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று அவர் கோபித்துக்கொள்ள, அடுத்தபடி குதிரை போட்ட சாணத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்கும் கோபித்தால், எதை எடுப்பது எதை விடுவது என்று ஓலையில் எழுதிக் கொடும் என்கிறார்கள். எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்த்து, தலைப்பாகையையும் வேஷ்டியையும் மற்றதையும் எடுத்துக்கொண்டு, குருவை மட்டும் விட்டுவிட்டு நிற்கிறார்கள். அவர் கதறுகிறார். உம்மை எடுக்க வேண்டுமென்று ஓலையில் இல்லையே என்கிறார்கள். குழியில் கிடந்தபடியே அதையும் அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த நாட்டில் இது கதையல்ல, சரித்திரம். பச்சைக் குழந்தைக்குக் கலியாணம் செய்யாதே என்று 1929ல் சாரதா சட்டம் வந்தபோது, சாஸ்திரத்தில் அப்படி இல்லையே என்றுதான் கூச்சல் போட்டார்கள். குழியில் கிடந்தது பெண் குழந்தை. கையில் இருந்தது ஓலை. புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மணமக்கள் ஒருவரையொருவர் ஒப்புக்கொண்டு செய்த சுயமரியாதைக் கலியாணங்கள் 1920களின் கடைசியிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்தன. சேர்ந்து வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஊரறியக் குடும்பம் நடத்தினார்கள். ஆனால் 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட கலியாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஓமம் வளர்த்ததும் ஏழடி வைத்ததும் ஓலையில் இருந்தன. இரண்டு பேருடைய சம்மதம் ஓலையில் இல்லை. 1967ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டத்தைத் திருத்தி எழுதின பிறகுதான் குழியில் கிடந்தவர்களைத் தூக்கினார்கள். குழியில் கிடக்கிறவனே ஓலையையும் எழுதவேண்டியிருக்கிறது; எழுதாவிட்டால் தூக்க ஆளில்லை. அதனால்தான் எழுது, எழுத வை என்று ஓயாமல் சொல்லுகிறோம்.

குரு செத்த விதம்

இனி முடிவு. ஒரு சீடன் மரத்தில் ஏறித் தான் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டுகிறான். வழியில் வந்த பிராமணர் ஒருவர், அப்பா, அப்படி வெட்டினால் விழுந்துவிடுவாய் என்கிறார். அவன் கேட்கவில்லை; விழுகிறான். உடனே, இவர் வரப்போவதை முன்கூட்டியே சொன்னவர், இவர் பெரிய சாஸ்திரி என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குருவுக்குச் சாவு எப்போது என்று சொல்லும் என்கிறார்கள். அவர் தப்பிக்க வழி பார்த்து, உட்காருகிற இடம் குளிர்ந்தால் உயிர் போய்விடும் என்று அர்த்தமாகும்படி சமஸ்கிருதத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

இதில் நாம் யாரைக் குற்றம் சொல்லுவது? நாம் புரோகிதத்தை எதிர்க்கிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நியாயத்தை நியாயமாகவே சொல்ல வேண்டும். அந்த மனிதர் முதலில் சொன்னது சாஸ்திரமே அல்ல. மாடு மேய்க்கிற பையனும் சொல்லக்கூடிய சாதாரணப் புத்தி. அதைப் புத்தி என்று ஒப்புக்கொள்ளாமல் ஞான திருஷ்டி என்று ஆக்கினவர்கள் சீடர்கள். ஞானி என்று ஆக்கிவிட்ட பிறகு, அந்த வேஷத்துக்குத் தகுந்தபடி அவரும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்களுக்குப் புரியாத பாஷையில் சொன்னார். ஆகவே அது பலித்துத் தீரவேண்டிய வாக்காகிவிட்டது. முதலில் அவர் தமிழில் சொன்ன நல்ல புத்தியை ஒருவனும் கேட்கவில்லை. சமஸ்கிருதத்தில் சொன்ன உளறலை எல்லோரும் கேட்டார்கள். தோழர்களே, குருவும் ஜோசியனும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. முட்டியிட்டு நிற்கிறவன்தான் எதிரே நிற்கிறவனை உயரமாக்குகிறான்.

பிறகு என்ன? குதிரையிலிருந்து விழுந்த குருவுக்குக் குழித்தண்ணீரில் பின்புறம் நனைந்து குளிருகிறது. சாவு வந்துவிட்டது என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொள்ளுகிறது. பயத்திலேயே படுத்து மயங்கிப் போகிறார். சீடர்கள் செத்துப்போனார் என்று அழுது, குளிப்பாட்ட வேண்டுமென்று தொட்டித் தண்ணீரில் அமுக்கித் தேய்க்கிறார்கள். அதில்தான் அவர் மெய்யாகவே சாகிறார். அன்பில்லாத சீடர்களா? மிகுந்த அன்பு உள்ளவர்கள். பக்தி குறைவா? பக்தியாலேயே கொன்றார்கள். வாக்கும் பலித்துவிட்டது! அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நம்பியிருப்பார்கள்.

நாள் சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்து இழந்த பிள்ளைகளும், பாம்பு கடித்தவனுக்கு மந்திரம் ஓதிக்கொண்டிருந்து விடிந்த இரவுகளும் இந்தத் தொட்டித் தண்ணீர்தான். ஜாதகம் கூடவில்லை என்று தள்ளிவைத்த பெண்கள் உயிரோடு அமுக்கப்பட்டவர்கள். அமுக்கினவர்கள் எல்லோரும் அன்பு உள்ளவர்களே.

சிரிக்கிற உரிமை

கடைசியாக ஒரு வார்த்தை. இந்தக் கதை எழுதப்பட்டது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். அதன் ஆசிரியர் இறந்த நாலாம் வருஷம், 1751ல், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையைக் கிளைவ் முறியடித்தது இதே ஆரணிக்குப் பக்கத்தில். நவாபும் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஊரை மிதித்துக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட காலத்திலும் மடத்தைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சிரிக்க முடிந்தது. இன்றைக்குச் சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகு, மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசிவந்த நரேந்திர தபோல்கர் என்ற வைத்தியரை 2013ல் பூனா தெருவில், காலையில் உலாவப் போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். அவர் வருஷக்கணக்காகக் கேட்டுவந்த நரபலி, மந்திரவாத ஒழிப்புச் சட்டம் அவர் பிணமான பிறகே அந்த வருஷம் வந்தது. அங்கேயும் ஓலையில் எழுத ஒரு உயிர் கொடுக்கவேண்டியிருந்தது.

ஆகவே இந்தச் சின்னப் புத்தகத்தைச் சின்னதென்று நினைக்காதீர்கள். கோபித்துப் பேசினால் சண்டைக்கு வருகிறவனும், சிரிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்தால் தானும் சிரித்துவிடுகிறான். சிரித்த பிறகு பழையபடி நம்புவது அவனுக்குக் கஷ்டம். உங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு, தறி ஓடாத ஒரு மாலையில் முதலிலிருந்து கடைசி வரையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கிழவிகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒவ்வொரு கதை முடிந்தவுடனும், இதில் நாம் யார் என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். மட்டியா, மடையனா, பேதையா, மிலேச்சனா, மூடனா என்று பிறரைப் பார்த்துச் சொல்லாமல் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நாம் சொன்னதும் உங்களுக்கு ஓலையாகிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் சொந்தப் புத்தியில் வைத்து நிறுத்துப் பாருங்கள்; சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள். ஆனால் எண்ணுகிறபோது மட்டும், உங்களையும் உங்கள் வீட்டுப் பெண்களையும் சேர்த்து எண்ணுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.